கிணற்று மண்ணில் சுறாப்பல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என் மேசைக்குத் தீப்பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு கல். "சேர், இது என்ன?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளை நிற்கும். சில நாள் அது வெறும் கல். சில நாள் உண்மையிலேயே சுறாப்பல், மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு இந்த நிலத்தை மூடியிருந்த கடலில் நீந்திய மீனுடையது. பிள்ளைகளும் பெற்றோரும் கிணறு வெட்டுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

சேர், இது பல்லா, இல்லாட்டிச் சும்மா கல்லா?

பல்லுக்கு இரண்டு பகுதி உண்டு. மேலே முடி, அதாவது வாயில் வெளியே தெரியும் பகுதி, கீழே வேர். முடி வழுவழுப்பாக, பீங்கான் கோப்பை போல மினுங்கும். வேர் மங்கலாக, நுண்துளைகளோடு, நாக்கு நுனியில் வைத்தால் சொரசொரப்பாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லைக்கோடு தெரியும். கல் உடைந்து முக்கோணமாக வரலாம், ஆனால் ஒரே துண்டில் மினுக்கமும் மங்கலும் கோடு போட்டுப் பிரிந்து இருக்காது.

அப்புறம் ஓரத்தைப் பாருங்கள். பல இனங்களில் அரிவாள் பல்லுப் போலச் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். நகத்தை மெதுவாக இழுத்தால் தடக்கும். என்னிடம் வருகிறவற்றில் அதிகம் ஏமாற்றுவது நண்டுக் கடியனின், அதாவது கொடுக்கின், நுனிதான். அதுவும் கூராக, மினுக்கமாக இருக்கும், ஆனால் வேர் இல்லை, உள்ளே கோறையாக இருக்கும்.

அப்பம்மா இது பாம்பின்ர பல்லு எண்டுறா. கையில எடுக்கலாமோ?

தாராளமாக எடுக்கலாம். பாம்பின் பல் ஊசி போல மெலிந்து வளைந்திருக்கும், இப்படி அகன்ற வேர் இருக்காது. ஆனால் அப்பம்மா தனியாக இல்லை. ஐரோப்பாவிலும் இவற்றைப் பாம்பின் நாக்கு கல்லானது என்றுதான் நூற்றாண்டுகளாக நம்பினார்கள். மால்ட்டா தீவில் புனித பவுல் அங்கத்தைய பாம்புகளைச் சபித்ததோடு சேர்த்துக் கதை சொன்னார்கள், விஷ முறிவுக்கு விற்றும் இருக்கிறார்கள்.

1666 இல் இத்தாலியில் லிவோர்னோவுக்கு அருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற மருத்துவர் அறுத்துப் பார்த்தார். வாயில் இருந்த பற்களும் அந்த 'நாக்குக் கற்களும்' ஒன்றுபோல இருப்பதைக் கண்டு அடுத்த ஆண்டே எழுதி வெளியிட்டார். பாறை அடுக்கடுக்காகப் படிந்து உருவாகிறது, கீழே உள்ளது பழையது என்ற அவருடைய பிற்கால விளக்கத்துக்கு இந்தப் பல்தான் தொடக்கம். அப்பம்மாவுக்கு இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், ஆர்வமாகக் கேட்பா.

கடல் எங்கேயோ இருக்கு. வயலுக்குள்ள சுறா எப்படி வந்தது?

சுறா வயலுக்கு வரவில்லை, வயல் கடலாக இருந்தது. மயோசீன் காலம் என்று ஒன்று. 2 கோடி 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அந்தக் காலத்தில் புத்தளத்திலிருந்து மன்னார், பூநகரி வழியாக யாழ்ப்பாணம் வரை ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் நின்றது. சிப்பி, பவளம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகள் எல்லாம் அடியில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. யாழ்ப்பாணத்தில் அது தரையிலேயே தெரியும். எங்கள் பக்கம் பெரும்பாலும் களிமண்ணுக்கும் மணலுக்கும் கீழே ஒளிந்திருக்கிறது. முருங்கன், முழங்காவில், பரந்தன் நிலத்தடி நீர்ப் படுகைகள் என்று நீர்வளக்காரர் சொல்வது இந்தச் சுண்ணாம்புக்கல்லில் ஊறி நிற்கும் தண்ணீரைத்தான். கிணறு தோண்டும்போது கொஞ்ச அடிக்குப் பிறகு மண்வெட்டி 'ணங்' என்கிறதே, அங்கே தொடங்குகிறது பழைய கடல்.

சந்தேகமாக இருந்தால் அந்தக் கல்லில் தேசிக்காய்ப் புளி நாலு துளி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல்.

நாங்கள் வவுனியா. எங்கட வளவுக்குள்ளயும் கிடைக்குமோ?

கிடைக்காது. சொல்ல எனக்கும் கவலைதான். வவுனியா, ஓமந்தைப் பக்கம் தரைக்கடியில் இருப்பது கருங்கல் வகைப் பாறை. பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறி வந்தது. புவிச்சரிதவியலாளர்கள் இந்தப் பாறைக் கூட்டத்துக்கு வைத்த பெயரே 'வன்னித் தொகுதி'. வயது ஏறத்தாழ 100 கோடி ஆண்டு. அது உருவானபோது உலகத்தில் சுறா என்ற இனமே இல்லை. பாறையைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பினால் அப்பிரகம் பளபளக்கும், கறுப்பும் வெள்ளையும் கோடு கோடாக ஓடும். அதைப் பார்த்தால் பல் தேடுவதை நிறுத்திவிடுங்கள். அந்தப் பாறையும் பார்க்கத் தகுந்ததுதான், அது வேறு கதை.

ஏன் பல்லு மட்டும்? முள்ளு, மண்டை ஒண்டும் இல்லையே?

சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். சுறா வறை செய்கிற வீட்டில் கேட்டால் தெரியும், அவித்ததும் சதை நார்நாராக உதிர்ந்துவிடும், நடுத்தண்டைப் பல்லால் கடித்துவிடலாம். அது சேற்றில் சீக்கிரம் அழிந்துவிடும். பல் அப்படி இல்லை. அதன் மேற்பூச்சு புளோரைட்டுக் கலந்த கனிமம். நாம் பற்பசையில் தேடிப் பூசுவது சுறாவுக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

இன்னொரு காரணம் எண்ணிக்கை. பேசாலையில் ஒரு மீன்வாடியில் சிறிய பால்சுறாத் தலை ஒன்று கேட்டு வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோனேன். கீழ்த் தாடையின் உள்பக்கத் தோலைக் கரண்டிக் காம்பால் நெம்பினோம். முன்னால் நிற்கிற வரிசைக்குப் பின்னே இன்னொரு வரிசை, அதற்குப் பின்னே இன்னொன்று, கூரை ஓடு அடுக்கினது போல உள்பக்கம் சாய்ந்து படுத்திருந்தன. கடைசி வரிசை விரலால் தொட்டால் இன்னும் மெதுமெதுப்பு. முன்பல் விழ, பின்பல் எழுந்து வருகிறது, வாழ்நாள் முழுக்க. சில இனங்கள் 30,000 பற்கள் வரை உதிர்க்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு மீன் இவ்வளவு விட்டுப்போனால் நமக்கு ஒன்றாவது கிடைக்காதா?

சரி, எங்க தேடுறது? எப்ப தேடுறது?

புதிதாக வெட்டிய கிணற்றின் மண்கும்பலில். வேறு எங்கும் தொடங்காதீர்கள். வெட்டுகிறவர்கள் ஆட்களோடு நின்று ஆழம் வரை போன இடம், கும்பல் வெளிச்சத்தில் கிடக்கிறது, வீட்டுக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கிணற்றுக்குள் நீங்கள் இறங்க வேண்டாம், அது அந்த வேலை தெரிந்தவர்களுக்கு.

மாரி மழை ஒன்று அடித்து ஓய்ந்த பிறகு போங்கள். மழை களியைக் கழுவிவிடும், கனமானவை மேலே தங்கும். காலை ஏழு, எட்டு மணிக்குச் சாய்ந்த வெயிலில், சூரியனைப் பார்த்துக் குந்தியிருந்து பாருங்கள். பல் சட்டென்று மினுங்கும். முதல் தடவை கண் பழக ஒரு மணித்தியாலம் எடுக்கும், பிறகு தானாகத் தெரியும். எல்லோரும் விரலளவு பல்லைத் தேடிக் களைத்துப் போகிறார்கள். உண்மையில் அதிகம் கிடைப்பது அரிசிமணி அளவுதான். களியை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, மா அரிக்கிற பழைய அரிதட்டில் ஊற்றி அலசி, மிஞ்சுகிறதை வெள்ளைத் துணியில் காயவைத்துப் பாருங்கள்.

காட்டோரம் பழைய பங்கர் வெட்டின மண் குவிஞ்சு கிடக்கு. அதுக்குள்ள பாக்கலாமோ?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வன்னியில் மண்ணைத் தோண்டுவது மற்ற ஊர்களில் தோண்டுவது போல இல்லை. 2002 இலிருந்து மிதிவெடி அகற்றுகிறார்கள். இலங்கை 2017 இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, முழுவதும் அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை தவணை. இவ்வளவு ஆண்டுக்குப் பிறகும் வேலை மிச்சம் இருக்கிறது என்பதே போதும். பங்கர், மண் அணை, கைவிட்ட காவலரண், ஆள் நடமாட்டம் இல்லாத பற்றை, இந்த இடங்களில்தான் வெடிபொருள் கிடக்கும். மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். வெள்ளம் வந்தால் வெடி இடம் மாறும், பலகை மாறாது. பல் தேடுகிறவன் தலையைக் குனிந்தபடி நடப்பான், கால் எங்கே போகிறது என்று பார்க்கமாட்டான், அதுதான் என் பயம்.

பச்சை பிளாஸ்டிக், துருப்பிடித்த தகரம், கம்பி எதைக் கண்டாலும் தொடக் கூடாது, கல்லெறியவும் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, வந்த காலடித் தடத்திலேயே பின்னுக்குப் போய், விதானைக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். பொலிஸ் இலக்கம் 119. பிள்ளைகளைத் தனியே தேட அனுப்ப வேண்டாம். என் மாணவர்கள் இருவர் மண்கும்பலைத் தாண்டிப் பற்றைக்குள் போனதற்காக அவர்களை நான் ஒரு தவணை முழுக்கக் கூட்டிப்போகவில்லை. அவர்களுக்குக் கோபம். இருக்கட்டும்.

ரோட்டுக்குக் கொட்டின மக்கிக்குள்ள எடுத்த பல்லு செல்லுமோ?

பல் பல்தான். ஆனால் டிப்பர் எங்கிருந்து ஏற்றி வந்தது என்று தெரியாவிட்டால், அது எந்தக் கடலடியின் பல் என்று சொல்ல வழியில்லை. சாரதியைக் கேட்டுப் பாருங்கள், சில வேளை மக்கி வெட்டின கிடங்கின் பெயர் சொல்வார். சொன்னால் உடனே எழுதி வையுங்கள்.

கடற்கரையில எடுத்தனான். போன வருசம் செத்த சுறாவின்ரயா இருந்தால்?

இருக்கலாம். அரிப்புக் கரையில் பெயருக்கேற்ற மாதிரி கடல் கரையை அரித்துக்கொண்டே இருக்கிறது, பழையதும் புதியதும் ஒரே அலையில் கலந்து கிடக்கும். வேரைப் பாருங்கள். புதிய பல்லின் வேர் வெள்ளையாக, சுண்ணக்கட்டி போல, பாரமில்லாமல் இருக்கும். கல்லான பல்லில் வேருக்குள் கனிமம் ஊறி நிறம் ஏறியிருக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும், கண்ணாடியில் மெல்லத் தட்டினால் கல்லின் சத்தம் கேட்கும். அப்படியும் சந்தேகம் தீராதவை உண்டு. அவற்றோடு பெட்டிக்குள் வைக்கிற சீட்டில் 'கரை, வயது தெரியாது' என்று எழுதிவிடுங்கள், அதில் வெட்கம் இல்லை.

கறுப்பு எண்டால் பழசு, வெள்ளை எண்டால் புதுசுதானே?

இல்லை. நிறம் வயதைச் சொல்லாது, படுத்திருந்த மண்ணைச் சொல்லும். இரும்பும் பொசுபேற்றும் உள்ள சேற்றில் கிடந்தால் கறுக்கும். சுண்ணாம்புக்கல்லில் கிடந்தால் பால்தேநீர் நிறம், சாம்பல், வெளிர் மஞ்சள் என்று வரும். இணையத்தில் கரிக்கறுப்பாகப் பார்க்கிற பற்கள் பல அமெரிக்கக் கரையோர ஆறுகளில் எடுத்தவை. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போய், இங்கத்தைய வெளிர் பல்லைப் 'புதுசு' என்று எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

எந்தச் சுறா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் ஒரு கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே சுறாவின் வாயில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் வேறு வேறு. கடைவாய்ப் பல் இன்னொரு மாதிரி. அதனால் மூன்று பல் எடுத்தால் மூன்று சுறா என்று நினைக்கக் கூடாது.

சேவல் கொண்டை போல ஒரு பக்கம் சாய்ந்து, பின்னால் ஆழமான வெட்டோடு இருந்தால் புலிச்சுறாக் குடும்பம். அகன்ற முக்கோணம், ஓரமெல்லாம் நுண்வெட்டு, சிறிய அளவு என்றால் பால்சுறா சேர்ந்த பெரிய குடும்பத்தின் மேல்தாடை. பின் ஓரத்தில் பெரிய பெரிய வெட்டுகள் வந்து நுனிக்குச் சற்று முன் நின்றுவிட, நுனி மட்டும் மழுமழுப்பாக இருந்தால் ஹெமிப்பிரிஸ்டிஸ். மயோசீன் கடல்களில் உலகம் முழுக்க இருந்த இனம், அதன் உறவு ஒன்று இன்றும் இந்து சமுத்திரத்தில் நீந்துகிறது. தட்டையாக, சீப்பின் காம்பு போல ஒரு பக்கம் பள்ளம் பள்ளமாக இருந்தால் அது சுறாவே இல்லை, சிப்பி நொறுக்கித் தின்ற திருக்கையின் பற்பட்டை. அதை எறிந்துவிடாதீர்கள், அடுத்தடுத்துப் பொருத்திப் பார்க்க மிக அழகானது.

மெகலோடன் பல்லு கிடைக்குமோ சேர்?

எல்லாப் பிள்ளைகளும் கடைசியில் இங்கேதான் வருவார்கள். மெகலோடன் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. வெதுவெதுப்பான கடல்களில் உலகெங்கும் இருந்தது. எங்கள் சுண்ணாம்புக்கல்லும் அதே காலத்தது, ஆகவே 'முடியாது' என்று சொல்லமாட்டேன். என் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. பெரிய பல் 18 செ.மீ. வரை வரும், உங்கள் 15 செ.மீ. அடிமட்டத்தையும் தாண்டும். இன்றைய வெள்ளைச் சுறாவின் பெரிய பல்லே 6, 7 செ.மீ. அளவுதான். கிடைத்தால் துண்டாகத்தான் கிடைக்கும், தடித்த வேர்த்துண்டு ஒன்று வந்தாலும் எனக்குக் காட்டாமல் கழுவ வேண்டாம்.

எப்படிக் கழுவுறது? வினாகிரியில போட்டால் பளிச்செண்டு வருமாம்.

போடாதீர்கள். தேசிக்காய்ப் புளியில் சுண்ணாம்புக்கல் நுரைத்ததைச் சொன்னேன் அல்லவா, அதே புளிப்பு பல்லையும் மெல்ல அரிக்கும். முதலில் போவது வேர், பிறகு ஓரத்து வெட்டுகள். பழைய மென்மையான பற்தூரிகையும் தண்ணீரும் போதும். ஒட்டிய களியை ஊறவிட்டுத் தையல் ஊசியால் எடுங்கள். கரையில் எடுத்ததை நல்ல தண்ணீரில் ஒரு கிழமை போட்டு நாளுக்கு நாள் தண்ணீர் மாற்றுங்கள், உப்பு உள்ளே நின்றால் காய்ந்ததும் வெடிக்கும். வார்னிஷ் வேண்டாம்.

முக்கோணமாய்க் கூராய் ஒரு பளிங்குக் கல். பல்லு இல்லை எண்டுறீங்கள். அப்ப என்ன?

இந்தக் கேள்வியைக் கொண்டுவந்த பிள்ளைக்கு நான் எழுந்து நின்று கைகொடுத்தேன். அது மனிதன் செய்தது. இரணைமடுப் பக்கத்துச் சரளையும் செம்மணலும் கற்கருவிகளுக்குப் பெயர்போனவை, தொல்லியலாளர்கள் அந்தப் படிவுக்கே 'இரணைமடுப் படிவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் விரலால் பிடிக்க வசதியாகவும் மறுபக்கம் சின்னச் சின்னச் செதில் தட்டி எடுத்த வடுவாகவும் இருந்தால் கவனம்.

இது கடலைவிட மிகப் பிந்தியது, சட்டமும் வேறு. தொல்பொருளுக்காக அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், கல்லை அங்கேயே விட்டுவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

குதிரைமலை, அருவக்காடு போனால் கனக்க எடுக்கலாமாமே?

இரண்டுமே மயோசீன் படிவுகளுக்குப் பெயர்பெற்றவை. ஆனால் குதிரைமலை வில்பத்துத் தேசிய பூங்காவுக்குள். அங்கே கல்லையும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அருவக்காடு சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் இடம். அனுமதி இல்லாமல் சுரங்கத்துக்குள் போவது ஆபத்து. போனால் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

விக்கலாமோ? கனடாவில இருக்கிற அண்ணாவுக்கு அனுப்பலாமோ?

விற்க வேண்டாம் என்பது என் கருத்து. நம் பற்கள் சிறியவை, காசு பெரிதாக வராது, ஒரு கடையில் விலை பேசத் தொடங்கினால் நாளைக்கு யாராவது பெக்கோ கொண்டுவந்து கிண்டுவார்கள். நாட்டுக்கு வெளியே அனுப்புவதென்றால் முதலில் தேசிய அரும்பொருட்சாலைத் திணைக்களத்திடமும் சுங்கத்திடமும் எழுத்தில் கேளுங்கள். அண்ணாவுக்குப் படம் அனுப்பலாம், அவர் வரும்போது மண்கும்பலுக்கே கூட்டிப்போகலாம்.

நல்ல பல் ஒன்று வந்தால் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் (Geology) துறைக்குப் படத்தோடு எழுதிப் பாருங்கள்.

கனக்க எடுத்திட்டன். எது எங்க எடுத்தது எண்டு மறந்துபோச்சு. இப்ப என்ன செய்ய?

நினைவிருப்பதை இன்றைக்கே எழுதுங்கள். 'இந்த மூன்றும் மாமா வீட்டுக் கிணறு' என்ற அளவு தெரிந்தாலும் போதும். இனிமேல் பல்லைத் தூக்குமுன் படம், அருகில் அடிமட்டம். கொப்பியில் திகதி, ஊர், யாருடைய கிணறு, எத்தனை அடியில் வந்த மண், களியா கல்லா. அடியை வெட்டினவரிடம் கேளுங்கள், எந்த அடியில் என்ன நிறம் மாறியது என்று அவர்கள் விரல் மடித்துச் சொல்வார்கள். பல்லோடு அதே இலக்கம் எழுதிய சீட்டு ஒன்றும் பெட்டிக்குள் போகட்டும். கொப்பியை வேறு இடத்தில் வையுங்கள், கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

2008 இல் போரால் வீட்டை விட்டுக் கிளம்பியபோது பல் இருந்த மாவுத் தகரத்தைப் பையில் போட்டுக்கொண்டேன், சின்னது என்பதால். கொப்பி அலுமாரிக்கு மேலே இருந்தது, திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. தகரத்தில் 43 பற்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு ஹெமிப்பிரிஸ்டிஸ், ஓரம் ஒன்றும் உடையாதது, என் பெருவிரல் நகத்தளவு. எடுத்தது முழங்காவிலா, பூநகரியா என்று பல இரவு யோசித்துவிட்டேன். கிணற்றடியில் ஒரு வேம்பு நின்றது, ஓர் அம்மா மோர் தந்தா. அவ்வளவுதான் வருகிறது.

யாருக்காவது 2005 அளவில் உங்கள் கிணற்று மண்ணில் ஒரு ஆசிரியர் குந்தியிருந்தது நினைவிருந்தால் சொல்லுங்கள், சீட்டு எழுதிவிடுகிறேன்.